நான்காவது போல்ட்

முந்நூற்று நாற்பது கிலோ.
ஆஸ்ட்பி வீட்டு நிலவறைக்குப் பதினொரு படி.
தள்ளுவண்டியில் வாரைப் போட்டு இறுக்கி
ராய்ஸ் கீழே, நான் மேலே,
படிக்கொரு கெட்ட வார்த்தை.
வெர்லின் ஆஸ்ட்பி தோள்கொடுக்க வந்தார்.
வேண்டாமென்றேன்.
ஆறடி மனிதர், ஆயிரம் ஏக்கர் கோதுமை அறுக்கிறவர்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

மொன்டானாவில் நவம்பர் வந்தால்
எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது.
திருட்டுக்குப் பயந்தவர்கள்
துணி அலமாரிக்குப் பின்னால் ஒளிக்கச் சொல்வார்கள்.
பெருமைக்கு வாங்கியவர்கள்
கூடத்திலேயே நிறுத்தச் சொல்வார்கள்.
ஆர்லிஸ் கேட்டது ஒன்றுதான்:
தையல் மேசையில் உட்கார்ந்தால்
கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
எங்கே என்பதற்கு வரைபடம் இல்லை.
ஒரு வாளித் தண்ணீரைப் பரப்பி ஊற்றி
சூட்டைக் கூட்டச் சொன்னேன்.
முதலில் காய்கிற இடத்தில் துளைக்கக் கூடாது.
ஒருமுறை துளைத்து
முகத்தில் வாங்கிக்கொண்டு கற்ற பாடம்.
பால் பொங்கக் காத்திருப்பவர்கள்போல்
நாலு பேரும் ஈரத்தைக் குனிந்து பார்த்தோம்.
"அதோ," என்றார் வெர்லின்.
அன்று அவர் பேசிய முதல் சொல்.

பிறகு துளை.
கான்கிரீட் அலறியது, மாடியில் நாய் அலறியது.
நாக்கில் சுண்ணாம்பு.
துளைத்தால் மட்டும் போதாது,
உள்ளே கிடக்கிற தூசியை
ஊதி, உறிஞ்சி, மறுபடி ஊதி எடுக்க வேண்டும்.
தூசி இருந்தால் போல்ட் பிடித்த மாதிரி காட்டும்.
காட்டும், அவ்வளவுதான்.

மூன்று கடித்துக்கொண்டன.
நான்காவது சுற்றிக்கொண்டே இருந்தது,
அடியில் ஏதோ பொக்கை.
பசை ஊற்றிப் பதிக்கலாம்,
இறுக ஒரு இரவு வேண்டும் என்றேன்.

"ஒரு இரவா?" என்றாள் ஆர்லிஸ்.

மூன்றே போதும்,
எந்தத் திருடனாலும் அசைக்க முடியாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
அவரைப் பார்த்தாள்.
அவர் ஈரம் போன தரையைப் பார்த்தார்.
ஐந்து துப்பாக்கியும் அவள் காரின் பின்பெட்டியில்.
சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்,
சிலுவைக்குப் பக்கத்தில்.
அப்போதுதான் உறைத்தது,
இந்த வீட்டில் பூட்டு எந்தத் திசைக்கு என்று.

"இன்னொரு இரவுதானே," என்றார் வெர்லின்,
"தங்கையிடம் போய்ப் படுத்துக்கொள்கிறேன்."

மறுநாள் பனி. ராய்ஸ் வரவில்லை.
பசை கல்லாகியிருந்தது.
நீளச் சாவியில் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டுத் திருகினேன்.
நான்காவதும் கடித்தது.

எண் போடுகிற நேரம்.
வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
பிறந்தநாள் வேண்டாம், கல்யாண நாள் வேண்டாம்,
அவருக்குத் தெரிந்த எந்த நாளும் வேண்டாம்.
கடைசி வரி வழக்கமாகச் சொல்வதல்ல.
வெர்லின் சொல்லாமலே படியேறி
கொட்டுகிற பனிக்குள் போய் நின்றார்,
தொப்பி இல்லாமல்.
நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
ஆறு முறை சின்னச் சத்தம்.
நடுவில், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில்,
நீளமாக ஒரு மூச்சு.

துப்பாக்கிகளை அவளே இறக்கினாள்,
படுக்கை விரிப்பில் சுற்றி, ஒவ்வொன்றாக.
தோட்டாவை வேறு பெட்டியில்,
வேறு அறையில்.

பிறகு அவர் வந்தார்.
தலையில் பனி கரைந்து வழிய
இரண்டு கையாலும் பிடியைப் பற்றி இழுத்தார்.
ஒருமுறை. பிறகு நிஜமாகவே ஒருமுறை.
கழுத்து நரம்பு புடைத்தது.
பெட்டகம் இம்மிகூட நகரவில்லை.
"நல்ல வேலை," என்றார்.

வண்டிவரை கூட வந்தார்.
"எண் மறந்துபோனால்?"
"கூப்பிடுங்கள். எத்தனை மணியானாலும் வருவேன்."
வண்டிக் கதவை விடாமல் பிடித்திருந்தார்.
"நான் கூப்பிட்டால் வராதே," என்றார்.
"அவள் கூப்பிட்டால் வா."

ரசீதில் வாடிக்கையாளர் பெயரை அடித்துவிட்டு
ஆர்லிஸ் என்று எழுதினேன்.
பேனா உறைந்திருந்தது,
வாயில் வைத்து ஊத வேண்டியிருந்தது.