ஐந்தடி உயரத்தில்

கேற்றின் தாழ்ப்பாள் முன்பு என் இடுப்பளவில் இருந்தது.
தை மாதம் பரிசோதிக்க வந்த தில்ருக்ஷி மிஸ்
மஞ்சள் அளவுநாடாவை இழுத்து, சூள்கொட்டி,
'ஐந்தடி' என்று எழுதிவிட்டுப் போனார்.
வெல்டிங்காரர் கழற்றி மேலே ஒட்டினார்.
நான் நாலடி பத்து.
விடை தெரிந்த பிள்ளைபோல இப்போது
கை உயர்த்தித்தான் திறக்கிறேன், பூட்டுகிறேன்.
சோளகம் தொடங்கினால் வெள்ளவத்தைக் கடலின் உப்பேறி
அது இறுகிவிடும். தேங்காயெண்ணெய் பூசுவேன்.
ரயில் போனால் கிடுகிடுக்கும்.

இருபத்திரண்டு பிள்ளைகள்.
வந்ததும் எண்ணு. கழிப்பறை வரிசையில் எண்ணு.
மணல்தொட்டிக்குப் போகுமுன் எண்ணு, திரும்பியதும் எண்ணு.
முதலில் தலைகளைத்தான் எண்ணினேன்.
தலைகள் ஓடும், ஒன்றின் பின் ஒன்று ஒளியும்.
பிறகு பெயர்களாய் எண்ணப் பழகினேன்:
ஆதிரயன், ஸுமையா, ஒஷினி, கடிக்கிற யூட்...
வீடு போகும் பஸ்ஸிலும்
முன்சீட்டுத் தலைகளை எண்ணுகிறேன்.
சில நாள் ஒன்று குறைகிறது.

கூட்டிப்போக வருகிறவர்களுக்கு நீல அட்டை.
அட்டையில் ஒட்டிய முகத்துக்குத்தான் பிள்ளை.
ஆதிரயனின் அட்டையில் அம்மா, பெரியம்மா.
சித்திரைக்கு முன் மூன்று முகம் இருந்தது.
உரித்த இடத்தில் பசை
இன்னும் ஒரு சதுரமாய் மினுங்கும்.

புதன்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு
அந்தச் சதுரம் கேற்றடியில் வந்து நின்றது.
"ரீச்சர், என்ர பிள்ளை."
தெரியும். அதே காது, நுனி மடிந்த காது.
"அட்டை இல்லாமல் விடேலாது ஐயா."
படிவம்தான் பேசியது என்று சொல்ல ஆசை.
குரல் என்னுடையது.

அம்மாவுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.
பம்பலப்பிட்டியில் காசாளர், கவுன்டரில் போன் எடுக்கமாட்டார்.
பெரியம்மா எடுத்தார். வருகிறேன் என்றார்.
சவரிமுத்து மிஸ் ஆதிரயனைச் சுவர்ப்பக்கம் திருப்பி
யானைப் படத்தைப் பொருத்தச் சொன்னார்.
காது மட்டும் கேற்றுப் பக்கம் இருந்தது.

மனுஷர் நெடுவல். கேற் அவருடைய நாடிவரைதான்.
மேலால் ஒரு கையை விட்டால் தாழ்ப்பாள்.
அதை அவர் பார்த்தார்.
பார்த்ததை நான் பார்த்தேன்.
உள்ளே இருபத்திரண்டில் மிஞ்சிய எட்டுப் பிள்ளைகள்,
நாலடி பத்தில் ஒருத்தி,
கையில் ஒரு போன்.

அவர் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.
பிறகு வெளியே எடுக்கவேயில்லை.
கம்பிக்குள்ளால் நான் நீட்டிய தண்ணீரை
இடது கையால் வாங்கிக் குடித்தார்.
மீன்காரனின் சைக்கிள் போனது. வெயில் அவர் கழுத்தில் ஏறியது.
பெரியம்மா அட்டையோடு வந்தபோது பன்னிரண்டு பத்து.
ஒதுங்கி வழிவிட்டார்.
ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
'அட்டையில்லாத ஒருவர். பிள்ளை ஒப்படைக்கப்படவில்லை.'
அடுத்த நிரல்: 'திருத்த நடவடிக்கை.'
பேனாவைக் கடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.
'கேற்றின் மேலே தகரம் அடிக்கவும்.
வெளியிலிருந்து கை எட்டுகிறது.'
எட்டியும் நீளாத கைக்கு
நிரல் இல்லை.

சனிக்கிழமை தகரம் வந்தது. கம்பியும் மறைந்தது.
பச்சைப் பெயின்ட், இன்னும் மணக்கிறது.
மழைத்தண்ணீர் ஓட அடியில் நாலங்குலம் விட்டார்கள்.

திங்கள், வரிசையில் எண்ணுகிறேன்.
இருபத்தொன்று.
திரும்ப எண்ணுகிறேன், பெயர் பெயராய்.
வயிற்றுக்குள் ஏதோ வழுக்கியது.
கேற்றடியில் குப்புறக் கிடக்கிறான் ஆதிரயன்,
கன்னம் சீமெந்தில், ஒரு கண் வெளியே.
"ரீச்சர், பிரவுண் செருப்பு."

எழும்பு, சேட்டெல்லாம் ஊத்தை என்றேன்.
கொஞ்சம் பொறுத்துத்தான்
சொன்னேன்.