மாற்றுச் சாவி

நீடாமங்கலம் கேட் மூடிக்கிடந்த அரைமணி நேரத்தில்
பேருந்துக்குள் உட்கார்ந்தே எழுதினேன் முதல் குறிப்பை:
'நடவுக்கும் அரவை ஆலைக்கும் வந்த
வெளிமாநிலத்தார் பிள்ளைகளுக்கு
பல்கலையில் ஒரு மையம் வேண்டும்.'
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
நகர்வதாக இல்லை.
குறிப்பும் அப்படித்தான் நின்றது,
மூன்று வருஷம்.

பதிவாளர் கேட்டார், எத்தனை பேர்?
பதினேழு.
பதினேழு பேருக்கு ஒரு மையமா?
தலைப்பில் மூன்றாகப் பிரிகிற இடத்தில்
தலையெண்ணியா தண்ணீர் விடுகிறார்கள் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
கோப்பில் இன்னொரு தாளைக் கோத்துவிட்டு
எழுந்து வந்தேன்.

சுமி ஹன்ஸ்தாவை
நான்காம் வகுப்பு ஆசிரியர் சுமதி ஆக்கிவிட்டார்,
கூப்பிட வசதியாக.
ஆதாரில் சுமி, மதிப்பெண் பட்டியலில் சுமதி.
இருவரில் யாருக்கு உதவித்தொகை என்று
கணினிக்குக் குழப்பம்.
சாதிச் சான்றுக்குப் போனால்
உங்க ஊர்ல வாங்கு என்றார் கிராம நிர்வாக அலுவலர்.
ரெண்டு ராத்திரி ரயிலேறிப் போனால்
இங்கே நீ படிக்கவே இல்லையே என்றார்களாம் அங்கே.
உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
என் மேசைத் தூசியில்
விரலால் எழுதிக் காட்டினாள்.
அன்று முழுக்க மேசையைத் துடைக்கவிடவில்லை.

கிடைத்தது அறை எண் பதினான்கு.
பழைய விடைத்தாள் கட்டுகள், இராமபாணப் பூச்சி,
மேற்குச் சுவரில் ஒரு விரிசல்.
ரஃபிகுலின் அப்பா ஞாயிற்றுக்கிழமை
அரை மூட்டை சிமென்ட்டோடு வந்து பூசிவிட்டுப் போனார்.
தணிக்கையில் கேட்டார்கள்:
ரசீது இல்லாமல் விரிசல் எப்படி அடைந்தது?
இன்றுவரை பதில் எழுதவில்லை நான்.

திறப்பு விழா காலை பத்தரைக்கு.
அன்றைக்குக் குறுவை நடவு.
பெற்றோர் நாற்காலிகள் நாற்பதும் காலி.
துணைவேந்தர் பேசினார், கேக் வெட்டினார், போனார்.
சாயங்காலம் ஏழு மணிக்கு
முழங்கால் வரை சேறோடு வந்தார்கள் எல்லோரும்.
மறுபடி திறந்தோம்.
கேக் தீர்ந்திருந்தது. பொரி இருந்தது.

அப்புறம் ஒரு வியாழன்
வாசலில் வந்து நின்றாள் தமயந்தி.
கோட்டூர்ப் பெண், இரண்டாமாண்டு வரலாறு.
எங்கம்மா இருபது வருஷம் நட்டவங்க.
இப்ப ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி
இவங்க ஆளுங்க நட்டுட்டுப் போயிடறாங்க.
எங்கம்மா வீட்ல உக்காந்திருக்கு.
இந்த ரூம்ல எங்களுக்கும் எடம் உண்டா?

யாரும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் கரகரவென்று.
ரேகா மஹதோ தன் ஆய்வுத் தாள்களைப் புரட்டினாள்;
நடவுக் கூலி பற்றியது, முப்பது கேள்விகள்.
பதினோராவது கேள்விக்கு
ஆறு மாதமாக அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை:
'இதற்கு முன் இந்த வயலில் நட்டது யார்?'
உங்கம்மா என்கிட்ட பேசுவாங்களா என்றாள்.
திட்டுவாங்க, என்றாள் தமயந்தி.
திட்டட்டும், எழுதிக்கறேன்.

சனிக்கிழமை இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.
என்ன நடந்தது என்று சொல்லவில்லை.
ஒலிப்பதிவில் முதல் பத்து நிமிஷம்
வசவுதான், சுத்தமான கோட்டூர் வசவு.
பிறகு ஒரு தம்ளர் வைக்கிற சத்தம்.

இத்தனைக்கும் பிறகு
அவர்கள் கேட்டது ஒன்றுதான்.
ஆலைக் கொட்டகையில் பதினோரு பேருக்கு ஒரே பல்பு,
ராத்திரி படிக்க இந்த அறைக்குச் சாவி தருவீங்களா?
விதியில் இடமில்லை, என்றார் பதிவாளர்.
மாற்றுச் சாவி செய்யக் கூடாது என்றும்
விதி எதையும் அவர் காட்டவில்லை.

மன்னார்குடி பேருந்து நிலையத்தை ஒட்டி
குடையும் பூட்டும் பழுது பார்க்கிறவரிடம் போனேன்.
பதினெட்டு வேணும்.
அரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்:
ஒரே வீட்டுக்கா?
பித்தளைத் தூள் அவர் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.
ஆமாம், என்றேன்,
ஒண்ணு கூடவே போடுங்க.