அரை லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி. காலை ஷிப்ட்.
ஈரோட்டில், பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஆறு கட்டில், ஆறு மெஷின், நாலு மணி நேரம்.
ஒரு படம் முழுசாகப் பார்க்கலாம்,
மிச்ச நேரத்துக்கு யாராவது ஒருத்தர்
மைக்கைப் பிடித்து நின்று பேசுவதைக் கேட்கலாம்.

எனக்கு ஊசி இடது கையில்.
சிரிப்பைக் கழுத்துக்கு மேலேயே
நிறுத்திக்கொள்ளப் பழகியாயிற்று.
வயிறு குலுங்கினால் கை அசையும்,
கை அசைந்தால் மெஷின் கத்தும்,
மெஷின் கத்தினால் ஜெசிந்தா சிஸ்டர் வருவார்:
“யாருங்க சிரிச்சது?”
பள்ளிக்கூடத்தில்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

எதைப் பார்ப்பதென்று முடிவு செய்பவள் ரிஸ்வானா.
மூன்றாம் கட்டில். பி.காமில் நாலு அரியர்.
அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
படங்களுக்கு அதில் மார்க் போடுகிறாள்,
சிரிப்புக்கு அல்ல, ஆபத்துக்கு.
இரட்டைப் பிள்ளை ஆள்மாறாட்டம்: பயமில்லை, உதடு மட்டும்.
தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை ஓடுவது: பாதியில் நிறுத்தவும்.
கறுப்பு வெள்ளையில் காது கேளாத மாமனார்: ஊசி குத்தும் முன்பே பார்த்து முடிக்கவும்.
எழவு வீட்டுக் காமெடி: பத்துக்குப் பத்து,
ஆனால் ஐந்தாம் கட்டில் அண்ணனிடம் சொல்ல வேண்டாம், அவர் புதுசு.

பக்கத்துக் கட்டில் சென்னியப்பன்.
திருச்செங்கோட்டுக்காரர், மூன்று ரிக் வண்டி.
பீகார் வரைக்கும் போய்
ஆயிரத்து இருநூறு அடியில் தண்ணி காட்டியவர்.
இப்போது நாளைக்கு அரை லிட்டர்தான் அளவு.
“இருக்கறதுலயே பெரிய காமெடி இதுதானுங்க” என்பார்,
சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்.
அதை நாங்கள் போன ஆடியிலேயே சிரித்துத் தீர்த்துவிட்டோம்.
அவரோடு ஒரே கஷ்டம்,
எல்லாப் படமும் பார்த்திருக்கிறார்.
“இப்பப் பாருங்க, வேட்டி அவுரும்” என்பார்.
அவுரும்.

போன சனிக்கிழமை அவரும் பார்க்காதது ஒன்று வந்திருந்தது.
பீளமேட்டுப் பெண் ஒருத்தி, ஒரு மணி பத்து நிமிஷம்.
சிஸ்டரே டேப்லெட்டை சலைன் கம்பியில் கட்டிவிட்டார்.
மேடையில் ஒரு மைக், ஒரு ஸ்டூல்,
ஸ்டூல்மேல் ஒரு பாட்டில்.

ஒறம்பரை வருவதில் ஆரம்பித்தாள்.
“ஜப்தி பண்ண பேங்க்காரன் வந்தாலும்
எங்கம்மா மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடுக்கும்,
‘இப்பத்தான் வர்றீங்களாங்க’ன்னு கேக்கும்,
அதுக்கப்புறந்தான் மயக்கம் போடும்.”
அரங்கம் அதிர்ந்தது.
அது அடங்கட்டும் என்று
அவள் பாட்டிலை எடுத்தாள்.

மூடியைத் திருகினாள்.
தலையைப் பின்னால் சாய்த்தாள்.
தொண்டை ஏறி இறங்கியது
ஒரு தரம், இன்னொரு தரம், இன்னொரு தரம்,
அத்தனை விளக்கு வெளிச்சத்தில்,
யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல்.
ஆறு கட்டிலும் எச்சில் விழுங்கியது.

“முந்நூறு மில்லி” என்றார் சென்னியப்பன்.
மண்ணுக்குள் கிடப்பதையே சொல்கிறவர்,
பாட்டில் எம்மாத்திரம்.

ரிஸ்வானா பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினாள்.
ஜோக்கை அல்ல.

அப்புறம் அவள் கல்யாணத்தைப் பற்றியும்
ஏதோ ஒரு ஸ்கூட்டரைப் பற்றியும் பேசினாள்.
நாங்கள் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பாதி பாட்டில். லேசாக வியர்த்திருந்தது.
கடைசியில் கும்பிட்டாள், கையாட்டினாள்,
பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“அடக் கெரகமே,
மிச்சத்த வெச்சுட்டுப் போறாளே!”

ஐந்தாம் கட்டில்.
வந்த மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.
எனக்குக் கழுத்து நிற்கவில்லை, தோள் நிற்கவில்லை.
ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள் கத்தின,
ஆறும்.

சிஸ்டர் ஓடி வந்தார். யார் என்று கேட்கவில்லை.
ஒவ்வொரு கையாக நேர்ப்படுத்திவிட்டுத்
திரையை நிமிர்ந்து பார்த்தார்:
ஆளில்லாத மேடை, ஸ்டூல், பாட்டில்.
“இதுல என்னங்க சிரிப்பு?”

சொல்லத் தெரியவில்லை,
சென்னியப்பனுக்கே.