அடையாளம் தெரியாத நபர்

குற்ற எண் 214.
இருபதாம் வருடம், வைகாசி, இரவு பதினொன்றே கால்.
ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே
நெல் கொள்முதல் நிலையக் களத்தில்
ஊரடங்கை மீறி, முகக்கவசமின்றி
ஐவர் கூடினர் என்றிருக்கிறது.
நான்கு பெயர்கள். ஐந்தாவது,
அடையாளம் தெரியாத நபர்.

"கூடினீங்களா இல்லையா?"
மதுரையிலிருந்து வக்கீலம்மா போனில்.

கூடினோம்.
பதினொரு நாளாக எடை போடாத நெல்.
ஈரம் பதினெட்டு என்று திருப்பினார்கள்,
காய்ந்தபின் சாக்கு இல்லை என்றார்கள்.
தென்கிழக்கே மின்னியது.
சூசைராஜ், அம்மாசி, தங்கையன், நான்,
ஆளுக்கொரு தார்ப்பாய் முனை.
காற்று தங்கையனையே தூக்கப் பார்த்தது.

ரோந்து வந்த ஏட்டு கலியமூர்த்தி
லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவன் பக்கம் போய்ப் பிடித்தார்.
மழை விட்டதும்
அதே ஈரக் கையால் பெயர் குறித்தார்:
"இன்னிக்கி கேசு கணக்கு குறையுதுப்பா."

வக்கீலம்மா சிரிக்கிறார்.
"அப்ப அஞ்சாவது ஆள் அவரேதான்!
இதை எழுதினா ஒரே வாய்தாவுல ரத்து."

தங்கையன் அந்த ஆவணியிலேயே
தஞ்சாவூர் மெடிக்கலில் மூச்சு முட்டிப் போனான்.
'மூன்றாம் எதிரி இறந்துவிட்டார்.'
மனுவில் அவனுக்கு அந்த ஒரு வரி.
எனக்குப் பாஸ்போர்ட் நிற்கிறது.
ஏட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ்.

"அவரை விட்டுடுங்கம்மா.
நாலு பேர்தான் இருந்தோம்னு எழுதுங்க."

எழுதி அனுப்பியிருக்கிறார்.
கையெழுத்துப் போட
பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
நாலு பேர் பிடித்தால்
நிற்கிற காற்றா அது.