இடப்பக்கச் சுவர்

ஜன்னலுக்குக் கீழே முதலில் ஒரு கொப்புளம்.
மழைக்காலம் முடிவதற்குள் அது
ஓட்டுநர் கதவுவரை நடந்துவிட்டது.
தொண்ணூற்று மூன்றில் செய்த மோட்டார்ஹோம்.
சுவரை வைத்துத்தானே சித்திரம்:
தொழிற்சாலை ஒட்டிய மூன்று நீலப் பட்டைகள்
கொப்புளத்தின்மேல் ஏறி இறங்கின.
பேண்டன் கடற்கரையில் மழை
மேலிருந்து மட்டும் வருவதில்லை.

விற்பதற்குமுன் சரிசெய்தாக வேண்டும்.
பத்திரத்தில் இரண்டு பெயர்.
வெண்டெலை அழைத்தேன்,
நான்கு வருடத்தில் மூன்றாவது தடவை.
படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்க்கிறவன்.
படியில் நின்று
பூட்ஸைக் கழற்றட்டுமா என்று கேட்டான்,
தன் கையால் தரை பதித்த வண்டியில்.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.
டக். டக். டக்.
பிறகு, தொம்.
அவன் தட்டத் தட்ட
நான் பென்சிலால் கோடு இழுத்தேன்.
முடிந்தபோது சுவரில்
எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு வரைபடம்.

தண்ணீர் நுழைந்தது அங்கே இல்லை.
உப்பின இடத்தில் அது நுழைவதே இல்லையாம்.
கூரை ஓரத்தில் மஞ்சள் விளக்கு,
அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம்.
தொட்டதும் பிஸ்கட்டாய் நொறுங்கியது.
உள்ளே ஒட்டுப்பலகை
தேயிலைச் சக்கைபோல் கையோடு வந்தது.

நீங்கள் நினைப்பது தெரிகிறது.
வேண்டாம், சுவர் சுவர்தான்.
நாங்கள் பிரிந்தது ஈரத்தால் அல்ல.
அவன் தன் அண்ணனுக்குக் கொடுத்த
பதினோராயிரம் டாலரால்.
அதுகூட இல்லை,
அதை அவன் அண்ணி வாயால் நான் கேட்டதால்.

மூன்று நாள் உள்ளே ஹீட்டர் ஓடியது.
நாலாம் நாள் துளைகள், அறுபத்து நான்கு.
தீவனக் கடையில் வாங்கிய, மாட்டுக்குப் போடும் ஊசி.
அதில் எபாக்சி.
அவன் அழுத்த, வழிந்ததை நான் துடைத்தேன்.
'மெதுவா' என்றேன்.
'மெதுவாத்தான்' என்றான்.
அன்றைய பேச்சில் பாதி அது.

மேலே பிளைவுட், அதன்மேல் குறுக்குச் சட்டம்,
சட்டத்துக்கு முட்டுக்கொடுக்க ஐந்து நீள மரங்கள்.
மரங்களுக்கு முட்டு அவன் பிக்கப்.
பசை இறுகும்வரை அது நகரக்கூடாது.
ஆகவே அவனும்.

என் படுக்கை அந்தச் சுவரை ஒட்டித்தான்.
வெளியே அவன் முன்சீட்டில் கால் மடக்கிக் கிடந்தான்.
காற்று வீசும்போதெல்லாம் மரங்கள் முனகின.
இரண்டு மணி இருக்கும், இருமினான்.
எழுந்து போர்வை கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
உள்ளிருந்து சுவரை ஒருமுறை தட்டினேன்,
ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.
சற்று நேரம் கழித்து
அந்தப் பக்கமிருந்தும் ஒரு தட்டல்.
அவனும் அதைத்தான் பார்த்திருப்பான்.

காலையில் பட்டைகள் நேராகிவிட்டன.
அடுப்புக்குப் பின்னால் மட்டும்
ஓர் உள்ளங்கை அளவு, தொம்.
'அங்கே பிடித்துக்கொள்ள மரமே இல்லை' என்றான்,
ஒன்பது மணி ஷிப்டுக்குப் போய்விட்டான்.

வாங்க வந்தவள் மாரிபெல்,
கிரான்பெர்ரி அறுவடைக்கு வந்து தங்கிவிட்டவள்.
விவரம் தெரிந்தவள்.
முன்பக்கமிருந்து பின்பக்கம்வரை தட்டினாள்.
டக், டக், டக்.
சிரித்துக்கொண்டே பணப்பையைத் திறந்தாள்.
நான் அவள் கையைப் பிடித்து
அடுப்புக்குப் பின்னால் வைத்தேன்.

முந்நூறு டாலர் குறைந்தது.

வெண்டெலுக்கு அவன் பாதியை அனுப்பினேன்.
இரவு செய்தி வந்தது:
'நூற்றைம்பது குறைகிறதே?'

'சொல்லிவிட்டேன்'
என்று பதில் போட்டேன்.