கற்றாழைக்கு முறை வைத்தது

வாடகைக்கு வந்த அன்று
நிலைவாசலில் தலைகீழாய்த் தொங்கியது.
முன்பு குடியிருந்தவர்கள்
திருஷ்டிக்குக் கட்டி
கழற்ற மறந்துபோனது.
வேரில் சிவப்புத் துணி, ஒரு படிகாரத் துண்டு.
மடல்கள் மட்டும்
கீழே பார்க்க மனமில்லாமல்
கூரைப்பக்கம் வளைந்திருந்தன.
எத்தனை நாளாக என்று கேட்டேன்.
மாடி வீட்டு ஜெய்துன் விரல் மடக்கினாள்:
இரண்டு நோன்பு, ஒரு புயல்.

என் வேலை தண்ணீர் திறப்பது.
நீடாமங்கலம் பக்கம், பாசனப் பிரிவில் லஸ்கர்.
வெண்ணாற்றில் பிரியும் ஒரு வாய்க்காலுக்கு
நான்கு ஷட்டர், ஒரு திருகுச் சாவி,
நீல அட்டை போட்ட அளவு நோட்டு.
தவித்த வாயைக் கண்டால்
கை தானாகச் சாவிக்குப் போகும்.

இறக்கினேன்.
விளிம்புடைந்த பெயின்ட் வாளியில்
வயல் களியை அள்ளிப் போட்டு நட்டேன்.
காலையில் ஒரு செம்பு.
ராத்திரி டூட்டி முடிந்து வந்தால்
மனசு கேட்காமல் இன்னொன்று.

பன்னிரண்டாம் நாள்
அடிமடல் கண்ணாடிபோல் ஆனது.
தொட்டால் வெந்த கத்திரிக்காய்.
இன்னும் தாகம் தீரவில்லை என்று நினைத்தேன்.

ஆனி மாதம்.
மேட்டூர் தண்ணீர் கல்லணை தாண்டி
எங்களிடம் வரும்போதே மெலிந்திருந்தது.
முறைப்பாசனம். ஆறு நாள் மேலே, ஆறு நாள் கீழே.
கடைமடையிலிருந்து பக்கிரிசாமி
தினமும் மொபெட்டில் வருவார்.
பேச மாட்டார்.
அளவுகோலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
வண்டியைத் திருப்புவார்.
அவர் முதுகைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில்
வாளிக்கு மூன்று செம்பு ஊற்றினேன்.

செடி சாய்ந்தது.
தூக்கினால் வேர் கூட வரவில்லை.
களிக்குள் பழுப்பாய், நூல் நூலாய்க் கிடந்தது.
அந்த வாசம் எனக்குத் தெரியும்.
ஐப்பசியில் வடிகால் அடைத்த வயலில்
பயிர் இதே வாசத்தோடுதான் அழுகும்.
ஆகாயத்தாமரையை வாரச்சொல்லி,
தண்ணீர் வெளியேற வழியில்லை என்று
நானே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வாளியில் ஓட்டை போடத்தான்
தோன்றவில்லை.

கத்தியை அடுப்பில் காட்டி
அழுகல் தீரும்வரை அறுத்தேன்.
மஞ்சள் பால் வடிந்தது.
மறந்து வாயில் வைத்த விரல்
இரவுச் சோறு வரை கசந்தது.
வெட்டுவாய் காயட்டும் என்று
செய்தித்தாள் விரித்து ஜன்னலோரம் கிடத்தினேன்.
நான்கு நாள்.
ஓர் உயிரைத் தண்ணீர் காட்டாமல்
பார்த்துக்கொண்டிருப்பது
எனக்குப் பழக்கமில்லாத உத்தியோகம்.
செம்பைக் கவிழ்த்து
அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், கைக்கு எட்டாமல்.

ஆற்று மணலை அள்ளுவதற்கு
ஆற்றுக்காரியான எனக்கு மனசில்லை.
ஜெய்துன் வீட்டுக் குளியலறை கட்டிய மிச்சம்
எம்-சாண்ட் இரண்டு சட்டி,
பொடித்த செங்கல், மக்கிய சாணம் ஒரு கை.
காய்ச்சிய கம்பியால்
வாளிக்கு அடியில் ஐந்து துளை.

பிறகு முறை வைத்தேன்.
விரல் இரண்டு கணு உள்ளே போய்
ஈரம் ஒட்டாமல் திரும்பினால் அரைச் செம்பு.
ஆவணியில் பத்து நாளைக்கு ஒன்று.
கார்த்திகையில் கிடையாது.
உச்சி வெயிலில் மடல் சிவந்தபோது
ஒரு முழம் நிழலுக்குத் தள்ளினேன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி, அளவு, கையொப்பம்.
மேலதிகாரி புரட்டிப் பார்த்தார், எந்த வாய்க்கால் என்று கேட்டார்.

தை கடைசியில் ஆறு அடைத்தார்கள்.
ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவி
கை கழுவ வந்தபோது
வாளி ஓரத்தில் மூன்று குட்டி.
உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி,
குத்தத் தெரியாத முள்.

ஒன்றை ஜெய்துன் எடுத்துக்கொண்டாள்.
ஒன்றை, அறுவடைக் கணக்கு கேட்க வந்த
பக்கிரிசாமியிடம் நீட்டினேன்.
மொபெட் கூடையில் சாக்கு மடித்து வைத்தவர்
முதல்முறையாகப் பேசினார்:
"இதுக்கும் நீங்கதான் தண்ணி உடணுமா?"

"வேணாம். மறந்துட்டாலே போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.
அவர் ஊர் வாய்க்காலுக்கு
அந்த வருஷத்துக் கடைசி முறை
எட்டவே இல்லை.