ஐந்தில் ஒரு பங்கு

தேர்தல் அறிக்கையின் பதினாறாம் பக்கத்தை
எழுதியவன் நான்.
'மலிவுவிலை அடுக்ககங்களில் மின்தூக்கிகள்
முறையாகப் பராமரிக்கப்படும்.'
செயப்பாட்டு வினை.
யார் பராமரிப்பார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை.
அப்போது எங்களிடம் ஆட்சி இல்லை,
இலக்கணம் இருந்தது.

இப்போது ஜெலுத்தோங்கில் சேவை மையம் இருக்கிறது.
இரண்டு மேசை, ஒழுகும் குளிரூட்டி,
செவ்வாய் இரவுகளில் வரிசை.
பி புளோக் லிஃப்ட் நின்று நூற்றுப் பதினோரு நாள்.
(மின்தூக்கி என்று அங்கே யாரும் சொல்வதில்லை.)
பதினான்காம் மாடி மரியபுஷ்பத்துக்கு
வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.
இரவு வேலை முடித்து வரும் மருமகன் தொபியாஸ்
முதுகில் சுமந்து இறங்குகிறான்.
மின் இல்லை.
தூக்கி மட்டும் இருக்கிறான்.

பழுது பார்க்கும் செலவில்
ஐந்தில் நான்கு பங்கு அரசு தரும்,
ஒரு பங்கைக் குடியிருப்போர் திரட்ட வேண்டும்.
அந்த ஒரு பங்கை வாதாடிச் சேர்த்தவனும் நான்தான்.
'சும்மா கிடைத்தால் மதிப்பிருக்காது' என்றேன்.
கொள்கைக் கூட்டத்தில் கை தட்டினார்கள்.
சுலோச்சனா மட்டும் எழுந்து கேட்டார்:
'தரைத்தளத்துக்கும் பதினான்காம் மாடிக்கும்
ஒரே பங்கா, தோழர்?'
நேரமாகிவிட்டது என்று
அடுத்த தீர்மானத்துக்குப் போனோம்.
பின்வரிசையில் மீ கோரிங் ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரசீதுப் புத்தகத்தோடு கதவு கதவாக.
தரைத்தளத்தில் கூ, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்,
பதினெட்டு வருட ரசீதுகளை
ரப்பர் வளையத்தோடு கொண்டுவந்து வைத்தார்.
'நான் அந்த லிஃப்டில் ஏறியதே இல்லை.
கட்டாதவனுக்காக இன்னொரு முறை கட்டவா?'
அவர் கேட்டதில் தப்பில்லை.
எட்டாம் மாடி கக் ரோஸ்னானிக்குப் பாக்கி
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
மகனின் மோட்டார் சைக்கிளைக் கடன்காரன் எடுத்துப் போய்விட்டான்.
கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார்.
அவர் சொன்னதிலும் தப்பில்லை.
இவர்களுக்கு நடுவில்தான் அந்தப் படிக்கட்டு.

புதன்கிழமை கொம்தார்.
லிஃப்ட் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
லிஃப்டில் ஏறினேன்.
காது அடைத்தது.
மேலே சுல்கர்னாயின் நல்ல மனிதர்,
தேநீர் வரவழைத்தார்.
'விதி உங்கள் அரசு எழுதியது.
நான் வளைத்தால் தணிக்கை வரும்.'
உண்மைதான்.
பழைய ஆட்சி வேண்டியவர்களுக்கு விதியை வளைத்தது என்று
இதே கட்டடத்தின் வாசலில்
மழையில் பதாகை பிடித்தவர்கள் நாங்கள்.
அதனால்தான் இவ்வளவு இறுக்கமாக எழுதினோம்.

இன்னும் ஆறாயிரத்து முந்நூறு வெள்ளி குறைகிறது.
ஒய்பி கேட்கிறார்,
'யாராவது டெவலப்பரிடம் சொல்லிப் பார்க்கலாமா?'
சொல்லலாம். ஒரே போனில் கிடைக்கும்.
பிறகு அவர் ஒரு போன் செய்வார்,
கடலோர நிலம் பற்றி.
வேண்டாம் என்றேன். கொள்கை என்றேன்.
சொன்னபோது நான்
தரைத்தளத்தில் நின்றிருந்தேன்.

சனிக்கிழமை, விடியவில்லை.
பத்தாம் மாடித் திருப்பத்தில் தொபியாஸ்
சுவரில் தலை சாய்த்து நின்றான்.
அரிசி மூட்டை மேல்
மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தார்.
யாருடைய மூட்டை என்று தெரியவில்லை,
அதற்கும் மேலே போக முடியாமல் யாரோ விட்டுப்போனது.
'உங்க கட்சிக்குத்தான் போட்டேன்' என்றார்,
வாழ்த்தாகவும் இல்லை, வசையாகவும் இல்லை,
வீட்டு எண்ணைச் சொல்வதுபோல.

ஒன்பதாம் மாடியிலிருந்து நான் சுமந்தேன்.
வீங்கிய கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது.
மனதுக்குள் படிகளை எண்ணத் தொடங்கியிருந்தேன் போல,
உதடு அசைந்திருக்க வேண்டும்.
'எண்ணாதீங்க சார்' என்றான் தொபியாஸ்,
கைப்பேசி வெளிச்சத்தை என் காலடியில் காட்டியபடி.
'எண்ணினா கூடும்.'